மலாக்காவில் மரம் வெட்டுவது

1

நான் மலாக்காவுக்கு வந்து பதினோரு ஆண்டுகள் நிறைந்த அன்று லேபர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வலப்பக்கம் என் முதலாளி. இடப்பக்கம், ஓர் ஆள் இடம் விட்டு, அவர் மீது புகார் கொடுத்த தொழிலாளி செல்வராசு. என் மடியில் ஒரு வேலைக் கடிதம். அதன் இரண்டாவது வரியில் தமிழில் மூன்று சொற்கள்: மரம் வெட்டும் பணி.

அந்த மூன்று சொற்களுக்கு என்ன பொருள் என்று அதிகாரியிடம் நான் சொல்ல வேண்டும். நான் சொல்வதைப் பொறுத்துச் செல்வராசுவுக்குப் புதிய சம்பளம் கிடைக்கும், அல்லது கிடைக்காது. கடிதத்தை எழுதியவளும் நான்தான்.

திருச்சியில் ஒரு நாளிதழில் ஏழு ஆண்டுகள் பிழை திருத்துபவளாக இருந்தேன். அமைச்சரின் இனிஷியலை மாற்றிப் போட விட்டிருக்கிறேன். கருமாதி விளம்பரத்தில் இறந்தவரின் பெயரும் அழைப்பவரின் பெயரும் இடம் மாறியதைக் கவனிக்காமல் விட்டதில், உயிரோடு இருந்தவர் நேரில் வந்து சத்தம் போட்டிருக்கிறார். ஆனால் நான் விட்ட மிகப் பெரிய பிழை இந்தக் கடிதத்தில் இருக்கிறது. அதில் எழுத்துப்பிழை ஒன்றுகூடக் கிடையாது.

2

ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும் நான் இங்கே "கம்பெனியில் ஆபீஸ் வேலை" பார்ப்பதாக எழுதுகிறார்கள். கம்பெனி என்ன செய்கிறது என்று யாரும் கேட்டதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். ஆட்களைத் தருவித்து வாடகைக்கு விடுகிறது.

மலாக்கா டவுனில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஏஜென்சி இருக்கிறது. முதலாளி தங்கவேலு. நாங்கள் "பாஸ்" என்போம். லூபோக் சீனா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நெடுங்காலம் கிராணி வேலை பார்த்தவர். கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர். தோட்டத்துப் பிள்ளைகள் செங் பக்கம் இருக்கிற தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கினார்கள். அங்கே மழை பெய்தாலும் சம்பளம் உண்டு, தலைக்கு மேல் கூரை உண்டு. திருச்சியிலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு வந்த என் கணவரும் அப்படிப் போனவர்தான். தோட்டத்தில் பிறந்து இப்போது செங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் இருக்கிறார். மரங்கள் இருந்தன, வெட்ட ஆள் இல்லை. அந்த இடைவெளியைக் கிராணி பார்த்தார். வேலையை விட்டுவிட்டு ஏஜென்சி தொடங்கினார்.

தொழில் எளிமையானது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தோட்டம் ஏஜென்சிக்குக் கொடுக்கும். ஏஜென்சி அதைவிடக் குறைவாக அந்த ஆளுக்குக் கொடுக்கும். நடுவில் நிற்பதற்குத்தான் கூலி. இந்தோனேசியர்கள், வங்காளதேசத்துக்காரர்கள் என்று வந்துகொண்டிருந்தார்கள். நான் ஏஜென்சியில் சேர்ந்த மூன்றாம் வருடம் பாஸ் ஒரு நாள் என் மேசைக்கு வந்தார்.

"பத்திரிகைக்காரம்மா, இந்தத் தடவை நம்ம ஆளுங்களையே இறக்கலாம்னு இருக்கேன். உங்க ஊர்ப் பக்கம். பாஷைப் பிரச்சினை இருக்காதுலா."

அவர் சொல்லச் சொல்ல விளம்பரத்தை எழுதினேன். "தோட்டத்துல மரம் வெட்ட ஆள் வேணும்னு போடுங்க. வீடு ஃப்ரீ. வருசத்துக்கு ஒரு தடவை பெர்மிட் நாம எடுத்துக் கொடுப்போம்." நான் அதை நல்ல தமிழில் எழுதினேன். தோட்டத்தில் மரம் வெட்டும் பணிக்கு ஆட்கள் தேவை. வேலைக் கடிதத்திலும் அதே சொற்கள்.

திருச்சி அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. செய்தியில் கை வைக்கலாம். விளம்பரத்தில் கை வைக்கக் கூடாது. அது காசு கொடுத்தவருடைய சொல். அந்த வழக்கத்தை நான் விமானத்தில் கூடவே கொண்டுவந்திருந்தேன். பாஸ் என்ன சொன்னாரோ அதை எழுதினேன். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை.

கன்னியாகுமரிப் பக்கம் அந்த விளம்பரம் போயிருந்தால் ரப்பர் தெரிந்த யாராவது "என்ன மரம், பால் மரமா?" என்று கேட்டிருப்பார்கள். அது போனது அரியலூர்ப் பக்கம்.

3

ஆறு பேர் வந்தார்கள். சுபாங் விமான நிலையத்துக்குப் பாஸோடு வேனில் நானும் போயிருந்தேன். சுங்க மேசையில் ஒருவரை நிறுத்திவைத்து என்னைக் கூப்பிட்டார்கள். அவர்தான் செல்வராசு. முப்பத்தைந்து வயதிருக்கும். அகன்ற தோள், வெட்கப்பட்ட முகம். அவருடைய பையிலிருந்து பழைய பனியனில் சுற்றிய ஓர் இரும்பை எடுத்து மேசையில் வைத்திருந்தார்கள். கோடாலியின் தலை.

"அக்கா, ஒண்ணும் தப்பா நினைக்க வேணாம்னு சொல்லுங்க. இங்க இரும்பு எப்படி இருக்குமோன்னு நம்மளுதையே எடுத்தாந்துட்டேன். காம்பு மட்டும் இங்க போட்டுக்கலாம்னு."

மலாய்க்கார அதிகாரி அதைத் தட்டிப் பார்த்தார், சிரித்தார், திருப்பிக் கொடுத்தார். வேனில் விஷயம் தெரிந்ததும் பாஸ் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"அடப்பாவி! தோட்டத்தையே சாய்க்க வந்துட்டீங்களாடா? டேய் தம்பி, மரத்தைச் சாய்ச்சுட்டா பால் யாரு கொடுப்பா, உன் மாமியாரா?"

ஆறு பேரும் மரம் அறுப்பவர்கள். சவுக்கு, முந்திரி, வேலிக்கருவேல். எந்தப் பக்கம் சாய்த்தால் பக்கத்துக் கொல்லைக்காரனோடு சண்டை வராது என்று தெரிந்தவர்கள். ரப்பர் மரத்தை அவர்கள் பார்த்ததே இல்லை.

புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டில் அன்று சாப்பிடும்போது இதைச் சொன்னேன். என் மகள் கவிதாவுக்கு எட்டு வயது, மலாய்ப் பள்ளியில் படிக்கிறாள். நான் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் அவளுக்கு வயிறு வலிக்கும். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"அம்மா, மரம் வெட்டுறதுன்னா டேப்பிங்லா. கத்தியை வச்சு இப்படி பட்டையைச் சீவுறது. அத்தை முந்தி மரம் வெட்டினாங்கதானே?"

"அப்போ நிஜமாவே மரத்தை வெட்டுறதுக்கு என்ன சொல்லுவீங்க?"

"அது தெபாங். தமிழ்ல, ம்ம், மரத்தைச் சாய்க்கிறது. ஐயோ அம்மா, உங்க தமிழ் வேற மாதிரிலா."

உங்க தமிழ். என் கணவர் தலையைக் குனிந்து சிரித்தார். இந்த வீட்டில் தமிழ் தெரியாத ஆள் கவிதா என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இங்கே "மரம் வெட்டுவது" என்றால் ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. மலாக்காவில் தமிழ் பேசுகிற யாரிடம் கேட்டாலும் அதுதான். கேட்கத் தோன்றாத ஒரே ஆள் நான்.

4

அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. விமான டிக்கெட் வாங்கியாகிவிட்டது. லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் இறக்கிவிட்டார்கள். தோட்டத்தின் கடைசியில் இருந்த பழைய மரங்களில் பழகவிட்டார்கள். முதல் இரண்டு மாதம் அவர்கள் பட்டையைக் கிழித்த கிழியில் தோட்ட மேனேஜர் தினமும் போன் செய்தார். மரம் அறுத்த கைக்குப் பலம் அதிகம். பால் வெட்டுக்குப் பலம் ஆகாது. கத்தியைக் காகிதக் கனத்துக்கு இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் கட்டையைத் தொட்டால் மரம் அந்த இடத்தில் புடைத்துவிடும், பிறகு அங்கே பால் இல்லை.

செல்வராசு கற்றுக்கொண்டார். பக்கத்து நிரையில் வெட்டுகிற மாரியாயி தோட்டத்தின் நேரடித் தொழிலாளி, சங்க உறுப்பினர், ஐம்பதை நெருங்குகிறவர், வாய் ஓயாதவர். அவர் செல்வராசுவுக்கு வைத்த பெயர் கோடாலி. தோட்டம் முழுக்க அந்தப் பெயர்தான். ஆறாவது மாதம் கோடாலியின் வாளி மாரியாயியின் வாளிக்குச் சமமாக நிறைந்தது. மேனேஜர் போன் செய்வதை நிறுத்தினார். பழகுநர் சம்பளம் போய், பால் வெட்டுகிறவர்களுக்கான சம்பளம் ஆறு பேருக்கும் வந்தது. எல்லோரும் அந்தக் கடிதத்தை மறந்தோம்.

அடுத்த வருடம் தொழிற்சங்கமும் தோட்ட முதலாளிமார்களும் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பால் வெட்டுகிறவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்ற தொகை உயர்ந்தது. பத்திரிகையில் கைகுலுக்கும் படம் வந்தது. படத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் ஏஜென்சி இல்லை, ஏஜென்சி ஆட்களும் இல்லை.

அந்த வாரம் பாஸ் அலுவலகத்தில் நடந்துகொண்டே இருந்தார்.

"ஏத்துனவன் கையெழுத்துப் போட்டுட்டுக் காப்பி குடிச்சுட்டுப் போயிட்டான். யாரு தலையில விழுது? என் தலையில. தோட்டக்காரன் எனக்கு ரேட்டை ஏத்துவானா? கேட்டா பக்கத்து ஏஜெண்ட்டைக் கூப்பிடுறேங்கிறான்."

இதில் பொய் இல்லை. ரேட்டை உயர்த்தித் தரும்படி தோட்டத்துக்குக் கடிதம் அடித்தவள் நான். இரண்டு வரியில் வந்த மறுப்பைக் கோப்பில் வைத்தவளும் நான். கீழே தரை உயர்ந்துவிட்டது, மேலே கூரை அசையவில்லை, நடுவில் நிற்கிறவருக்கு மூச்சு முட்டியது. இதை நான் அவருக்காகச் சொல்லத் தயார். எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன். ஆனால் மூச்சு முட்டியவர் கூரையைத் தள்ளிப் பார்த்தது அந்த ஒரு கடிதத்தோடு சரி. பிறகு காலுக்குக் கீழே பார்க்கத் தொடங்கினார்.

பெரட்டு என்பது தோட்டத்தில் விடியலில் பெயர் கூப்பிடும் இடம். அங்கே மாரியாயி கேட்டாராம்:

"டேய் கோடாலி, எங்களுக்கெல்லாம் சம்பளம் ஏறிருச்சுலா. உனக்கு ஏறுச்சா?"

"இல்லீங்களே."

"ஏன், நீ வெட்டுற மரம் என்ன வேற சாதியா?"

அந்த ஓய்வுநாளில் செல்வராசு இரண்டு பஸ் மாறி அலுவலகத்துக்கு வந்தார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். பாஸ் உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார். இதையும் எழுத வேண்டும். அவர் கத்துகிற மனிதர் இல்லை.

"பாஸ், மரம் வெட்டுறவங்களுக்குப் புதுச் சம்பளம்னாங்க. எங்களுக்கு வரலீங்க."

பாஸ் செல்வராசுவின் ஃபைலை எடுத்தார். கடிதத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னுதுங்க."

"மேல படி."

"மரம் வெட்டும் பணி."

"உங்க ஊர்ல மரம் வெட்டுறதுன்னா என்னா? நீ எதைத் தூக்கிக்கிட்டு வந்து இறங்குனே? ஏர்போர்ட்ல எல்லாரும் பார்த்தோம்லா. நீ கையெழுத்துப் போட்டது கோடாலி வேலைக்கு. ஏறியிருக்கிறது டேப்பருக்கு. கோடாலிக்கு ஏறல, தம்பி." என் பக்கம் திரும்பினார். "என்னம்மா பத்திரிகைக்காரம்மா, சரிதானே? நீங்க எழுதுனதுதானே?"

ஒன்றரை வருடம் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த மனிதர். விருந்துகளில் சொன்னார், கோயில் திருவிழாவில் சொன்னார். அவர் வாயால் சொன்ன சொல், நான் கேட்காமல் எழுதிய சொல். இப்போது சிரிப்பு இல்லாமல் அதை எடுத்து அந்த ஆள் மீது வைத்தார்.  வாயில் வந்ததை விழுங்கினேன். விழுங்கியது இன்னும் செரிக்கவில்லை.

செல்வராசு கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "அப்பச் சரிங்க பாஸ். நாளையிலேருந்து எங்களுக்குக் கோடாலி கொடுத்துடுங்க."

"வாய் நீளுது" என்றார் பாஸ். காப்பி ஆறிப்போயிருந்தது.

5

செல்வராசு தொழிற்சங்கத்துக்குப் போனபோது, ஏஜென்சி ஆட்கள் உறுப்பினர் இல்லையே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். லேபர் ஆபீஸ் போகிற பஸ்ஸை மாரியாயிதான் சொல்லிக் கொடுத்தார். மற்ற ஐந்து பேர் புகாரில் பெயர் போட மறுத்துவிட்டார்கள். பெர்மிட் ஏஜென்சியின் பெயரில் இருக்கிறது. பயப்பட அது போதும்.

விசாரணைக்கு முதல் நாள் மதியம் பாஸ் என் மேசைக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெர்மிட்டுக்குக் கொடுத்த மலாய்ப் பாரத்தில் "தோட்டத் தொழிலாளி" என்று மட்டும் இருந்தது. என்ன வேலை என்று சொல்லுகிற ஒரே தாள் என்னுடைய தமிழ்க் கடிதம். அதை விளக்க ஆள் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள்.

"நீங்க பொய் சொல்ல வேணாம்மா" என்றார். "நான் அப்படிப்பட்டவன் இல்ல. உங்க ஊர்ல அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கேப்பாங்க. உண்மையைச் சொல்லுங்க. அது போதும்."

என்னை இந்த அளவுக்கு யாரும் அவமதித்ததில்லை. பொய் சொல்லச் சொல்லியிருந்தால் மறுத்திருக்கலாம். மறுத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கலாம். அவர் என்னிடமிருந்த உண்மையைக் கடன் கேட்டார். பத்திரிகையில் வேலை பார்த்தவள், உண்மையைத்தான் சொல்வாள் என்று கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கு சரி.

6

லேபர் அதிகாரி கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மலாய்க்காரர். முதலில் என் அடையாள அட்டையைக் கேட்டார். சிவப்பு அட்டை: இங்கேயே வாழலாம், ஆனால் குடிமகள் இல்லை.

"புவான் இந்தியாவிலிருந்து வந்தவரா?" என்று மலாயில் கேட்டார். புவான் என்றால் அம்மையார்.

"ஆமாம்."

"நல்லது. அப்படியானால் அங்கே இதற்கு என்ன பொருள்?"

"மரத்தைக் கோடாலியால் வெட்டிச் சாய்ப்பது."

பாஸ் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். செல்வராசுவுக்கு மலாய் ஓரளவு புரியும். அவர் தரையைப் பார்த்தார்.

"இங்கே?" என்று அதிகாரி கேட்கவில்லை. அவருக்குக் கேட்கக் காரணம் இல்லை. அவர் எழுதத் தொடங்கிவிட்டார். அவர் கேட்காத கேள்விக்கு நான் பதில் சொன்னேன்.

"மலாக்காவில் இதற்குப் பொருள் வேறு. இங்கே பால் வெட்டுவது."

பேனா நின்றது. "இரண்டும் ஒரே மொழிதானே?"

"ஒரே மொழி."

"எழுதும்போது நீங்கள் எதை நினைத்து எழுதினீர்கள்?"

"நான் கோடாலியை நினைத்தேன். எனக்குச் சொன்னவர் பாலை நினைத்துச் சொன்னார்."

பாஸ் மலாயில் குறுக்கிட்டார். கையெழுத்துப் போட்ட இடம் இந்தியா, அதனால் இந்தியப் பொருள்தான் செல்லும் என்றார். நன்றாகத்தான் வாதாடினார். அதிகாரி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு செல்வராசுவைப் பார்த்து, "நீ என்ன வேலை செய்கிறாய், காட்டு" என்றார்.

செல்வராசு எழுந்தார். அதிகாரியின் மேசையிலிருந்த பென்சிலை எடுத்தார், அனுமதி கேட்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார், மேசைக் காலின் முன்னால் குந்தினார். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழாக, காலைச் சுற்றிப் பாதி வரைக்கும் பென்சிலைச் சாய்வாக இழுத்தார். முடியும் இடத்தில் நேர் கீழாக ஒரு சிறு கோடு. அதன் அடியில் இடது கையைக் கிண்ணம் மாதிரிக் குவித்து வைத்தார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "என் அப்பாவுக்கு ஜாசினில் நான்கு ஏக்கர் ரப்பர்" என்றார். "மழை பெய்தால்?"

"பட்டை காயுற வரைக்கும் கத்தி வைக்கக் கூடாதுங்க."

நான் மொழிபெயர்த்தேன்.

"எவ்வளவு ஆழம்?"

செல்வராசு பாஸின் முன்னாலிருந்த என் கடிதத்தை எடுத்தார். அதன் ஓரத்தை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தடவிக் காட்டினார். அந்தத் தாளின் கனம்.

தீர்ப்பு அரைப் பக்கம். செய்கிற வேலை பால் வெட்டு, ஆகவே சம்பளம் பால் வெட்டுகிறவருக்கு உரியது, விடுபட்ட மாதங்களுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், ஆறு பேருக்கும். வெளியே வந்ததும் செல்வராசு என்னைப் பார்த்து, "அக்கா, ரெண்டு அர்த்தத்தையும் சொல்லிட்டீங்க" என்றார். நன்றியா, குறையா என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த இடத்தில் குறிப்பை முடித்தால் நல்ல கதை. திருச்சி நாளிதழின் ஞாயிறு மலரில் போடுவார்கள்.

7

பாஸ் பணத்தைக் கொடுத்தார். ஒரு காசு குறைக்கவில்லை. என்னிடம் கோபத்தைக் காட்டவும் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஆறு பேரின் பெர்மிட்டும் புதுப்பிக்கும் நாள் வந்தது. அப்போது சொன்னார்:

"டேப்பர்னு சொன்னா டேப்பர் சம்பளம். சட்டம் அதுதானே? சரி. அப்ப நான் டேப்பரே வச்சுக்கப் போறதில்ல."

புதிய கடிதம் அடிக்கச் சொன்னார். பணி என்ற இடத்தில் "பொது வேலை". மருந்து அடிப்பது, புல் வெட்டுவது, சொல்லுகிற வேலையைச் செய்வது. புதிய ஒப்பந்தத்தில் உயர்ந்தது பால் வெட்டுகிறவரின் சம்பளம். "பொது வேலை" என்ற பெயரில் யாருடைய சம்பளமும் உயரவில்லை. பாலை இனி யார் வெட்டுவது என்று கேட்டேன். கிடைக்கிற பாலில் பங்கு என்று பேசி இந்தோனேசியர்களிடம் விடப்போவதாகச் சொன்னார். பங்குக்கு நாள் சம்பளம் கிடையாது, நாள் சம்பளம் இல்லாத இடத்தில் குறைந்தபட்சமும் கிடையாது. மேனேஜருக்கும் சம்மதமாம். ஏறக்குறைய இரண்டு வருடத்தில் ஓர் ஆள் தன் கையை மாற்றிக் கற்ற வேலையை ஒரு மதியத்தில் பெயரில்லாமல் ஆக்கினார்கள். யாரும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை.

சம்பளத்தை உயர்த்திக் கையெழுத்திட்டவர்கள்மீது எனக்குக் குறை உண்டு. அவர்கள் தொகையை எழுதினார்கள்; அந்தத் தொகை யாருக்கு என்று எழுதும் சொல்லை எங்களுடையதைப் போன்ற ஓர் இரும்புக்கடை மாடியில் விட்டுவிட்டார்கள். தொகை உயர உயர, அந்தச் சொல்லை யார் எழுதுகிறார்கள் என்பதுதான் சம்பளம்.

ஆறு பேரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஐந்து பேர் படித்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மாடிப்படியில் இறங்கினார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆறாவது தாள் செல்வராசு கையில் இருந்தது. போட்டால் இன்னொரு வருடம் இங்கே, மருந்து டப்பாவைத் தோளில் சுமந்துகொண்டு. போடாவிட்டால் பெர்மிட் அந்த வாரத்தோடு முடிகிறது. ஊரில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். மூன்று வருடம் என்று சொல்லிவிட்டு வந்தவர்.

அவருக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். ஆனாலும் தாளை என் மேசையில் வைத்தார்.

"அக்கா, பொது வேலைன்னா எங்க ஊர்ல எனக்குத் தெரியும். வாய்க்கா வெட்டுறது, கோயில் சுத்தம் பண்றது, எல்லாரும் சேர்ந்து செய்யறது. இங்க என்னங்க அர்த்தம்?"

பாஸ் தன் அறைக் கதவில் நின்றுகொண்டிருந்தார். இந்த முறை அவர் என்னிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லிவைக்கவில்லை.

"இங்க அதுக்கு அர்த்தம் கிடையாது, செல்வராசு" என்றேன். "அர்த்தம் வரக் கூடாதுன்னுதான் அந்த வார்த்தை. நீங்க என்ன செஞ்சாலும் அது பொது வேலை. லேபர் ஆபீஸ்ல குந்தி எதைக் காட்டுவீங்க?"

"ம்மா" என்றார் பாஸ். அவ்வளவுதான்.

செல்வராசு பேனாவை மூடி மேசையில் வைத்தார், பாஸ் பக்கம் திரும்பினார். குரலில் மரியாதை குறையவில்லை.

"வேலைக்கே பேரு இல்லைன்னா, அதுக்குக் கீழ என் பேரு எதுக்குங்க பாஸ்?"

"டேய், யோசிடா. ஊருக்குப் போயி என்னாடா பண்ணுவே?"

"அது தெரியலீங்க" என்றார். கீழே இறங்கிப் போய்விட்டார். அந்த வாரக் கடைசியில் விமானம் ஏறினார். மாரியாயி அவருக்காகப் பலகாரம் சுட்டு பஸ் நிலையம்வரை வந்தாராம். எனக்கு அதைப் பிறகுதான் சொன்னார்கள்.

நானும் அன்றே கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. செல்வராசு இறங்கிய ஐந்தாவது நிமிடம் பாஸ் வந்து, அடுத்த குழுவுக்குக் கடிதம் அடிக்கச் சொன்னார். பதினாறு பேர். "இந்தத் தடவை ஒரே அர்த்தம் வர்ற மாதிரி எழுதுங்கம்மா" என்றார். நான் அடித்தேன். மகளின் பள்ளிக் கட்டணம், வீட்டுத் தவணை என்று இப்போது எழுதினால் அது விளக்கம் போலத் தோன்றும். அதனால் எழுதவில்லை. அலுவலகம் மூடுவதற்குள் பதினாறு கடிதமும் முடிந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்துப் பிழை திருத்தினேன். பிழை இல்லை.

அந்தக் கடிதங்களை எங்கள் ஆள் ஒருவர் கையோடு கொண்டுவருகிறார். அரியலூர், பெரம்பலூர், அதற்கு மேற்கே எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஏதாவது ஓர் ஓட்டல் மேசையில், ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் யாராவது உங்கள் முன்னால் அதை விரிப்பார்கள். தமிழ் நன்றாக இருக்கும். கீழே பெயர் எழுத ஒரு கோடு போட்டிருக்கிறேன். அந்தக் கோட்டின் மேல் ஒன்றும் எழுதாதீர்கள்.